கண்ட்ரோல் வரிசை

சன்னாசிக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். மாத்திரை விழுங்குவது, தேநீர், ரசம், வெயில் தாங்காமல் வாயில் போட்டுக்கொள்ளும் ஐஸ் துண்டு எல்லாம் அதற்குள் அடக்கம். அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்வு பெற்றுவிட்டன. அவர் இன்னும் பெறவில்லை. தோட்டத்தில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர் வேலை.

இப்படி ஒரு மனிதருக்கு இப்படி ஒரு வேலையைக் கொடுத்ததில் நிர்வாகத்துக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. நிர்வாகம் அவ்வளவு தூரம் யோசிப்பதில்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்ட அவர் உடம்பு உதவாது, ரப்பர் குழாயைப் பிடிக்க உதவும், அவ்வளவுதான் கணக்கு. அவருக்கும் வேறு வழியில்லை. வேலை இருக்கும்வரைதான் தோட்டம் கொடுத்த லயத்து வீடு. வீடு இருக்கும்வரைதான் பத்தாங் பெர்ஜுந்தாயில் இருக்கிற டயாலிசிஸ் நிலையம் மோட்டார் சைக்கிளுக்கு எட்டும். அங்கே அவருக்கென்று ஒரு நாற்காலி கிடைக்க முன்னால் யாரோ ஒருவர் செத்துப்போக வேண்டியிருந்தது. நாற்காலியை விட்டால் பின்னால் காத்திருப்பவர் நன்றியோடு உட்கார்ந்துகொள்வார். ஆக, குழாயின் ஒரு முனையில் செடி, மறுமுனையில் சன்னாசியின் உயிர்.

டயாலிசிஸ் நிலையத்துத் தாதி நித்தியா, அவர் போகும்போதெல்லாம் ஒரே பாட்டைப் பாடுவாள். "அங்கிள், சீனி கண்ட்ரோல், உப்பு கண்ட்ரோல். தண்ணி ரொம்ப ரொம்ப கண்ட்ரோல் லா."

வீட்டில் அந்தச் சட்டத்தை அமல்படுத்துபவர் மனைவி புஷ்பவள்ளி. இருமல் மருந்துப் புட்டியின் மூடியில் தண்ணீரை அளந்து கொடுப்பார்.

"இன்னொரு மூடி குடு புள்ள."

"குடிச்சிட்டு நெஞ்சுல தண்ணி கட்டிப் படுத்துக்குங்க. நான் பாலுக்கும் பூவுக்கும் சொல்லி வைக்கிறேன்."

தோட்டத்தின் பின்புறம் பழைய ஈயச் சுரங்க நிலம் கிடந்தது. வெறும் மணல். புல்கூட அங்கே முளைக்கக் கூச்சப்படும். அதில் மூங்கில் போடலாம் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியது. தண்ணீர் இல்லாமல் மூங்கில் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, மழை விழாதபடி பிளாஸ்டிக் கூரை போட்டு, மண் நிரப்பிய கறுப்புப் பைகளில் இரண்டு வரிசை மூங்கில் வைத்தார்கள். ஆராய்ச்சியை நடத்த டாக்டர் சிவநேசன் வந்தார். டாக்டர் என்றதும் சன்னாசி சட்டைக் கையை மடித்து, ஊசி குத்திக் குத்திப் புடைத்த நரம்பை நீட்டினார்.

"அண்ணே, நான் செடி டாக்டர்" என்றார் சிவநேசன்.

அன்றைக்கு அவருக்கு அவசரம். கையால் காட்டினார். "இந்தப் பக்கம் கண்ட்ரோல். அந்தப் பக்கம் ட்ரீட்மெண்ட். தண்ணி விசயத்துல மட்டும் தப்பு வரக்கூடாது. வெளங்குதா?"

"நல்லா வெளங்குது சார்."

உண்மையிலேயே அவருக்கு நன்றாக விளங்கியது. கண்ட்ரோல் என்றால் என்னவென்று அவருடைய நாக்கைக் கேட்டால் சொல்லும். ட்ரீட்மெண்ட் என்றால் உயிர் நிற்க வாரத்துக்கு மூன்று முறை அவர் பார்ப்பது. ஆகவே ட்ரீட்மெண்ட் வரிசைக்குக் காலையும் மாலையும் கால் நனைய ஊற்றினார். கண்ட்ரோல் வரிசைக்குக் குழாயைக் காட்டவே இல்லை.

கண்ட்ரோல் வரிசை முதலில் கௌரவமாகத்தான் நடந்துகொண்டது. உச்சி வெயிலில் இலைகளைச் சுருட்டுப் போலச் சுருட்டிக்கொள்ளும், அந்தி சாய்ந்தால் விரிக்கும். நாளாக ஆக, சாயங்காலத்திலும் விரிக்க மறந்தது. பிறகு அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. வெளியே எட்டிப் பார்க்க இருந்த குருத்துகள் மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டன. கடைசியில் ஒவ்வொரு பையிலும் கிழட்டுக் கழிகள் நுனியிலிருந்து காயத் தொடங்கின. இருக்கிற ஈரம் அடிக்கிழங்குக்குப் போதும், வயசானவன் போகட்டும் என்று மூங்கிலுக்குள் யாரோ முடிவெடுத்துவிட்டார்கள்.

சன்னாசிக்கு இதில் ஒரு சுகம் இருந்தது. தன்னைவிடத் தாகத்தில் இருக்கும் உயிரை அவர் அதுவரை பார்த்ததில்லை. எதிர் வரிசைக்குத் தண்ணீர் ஊற்றும்போது குழாயைக் கொஞ்சம் உயர்த்தி, சத்தம் இவற்றுக்குக் கேட்கும்படி ஊற்றுவார். "என்னா பார்வை? குடிச்சிட்டு நெஞ்சுல தண்ணி கட்டிப் படுக்கப்போறியா?" என்று புஷ்பவள்ளியின் குரலிலேயே அதட்டுவார். வீட்டில் வாங்கியதை இங்கே இறக்கி வைத்துவிட்டு, லேசான மனதோடு திரும்புவார்.

ஒருமுறை சிவநேசன் வாட்ஸ்அப்பில் படம் கேட்டார். சன்னாசி சுருண்ட இலைகளைப் படமெடுத்து அனுப்பினார். எந்த வரிசை என்று இவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. "சூப்பர் அண்ணே. நல்லா சுருளுது. அப்படியே விடுங்க" என்று குரல் பதிவு வந்தது. சன்னாசி அதை லயம் முழுக்கப் போட்டுக் காட்டினார்.

மேலதிகாரிகள் பார்வையிட வருவதற்கு முதல் நாள்தான் சிவநேசன் நேரில் வந்தார். ட்ரீட்மெண்ட் என்று எழுதி நட்டிருந்த அட்டைக்குப் பின்னால் மூங்கில் கூரையை முட்டிக்கொண்டிருந்தது. கண்ட்ரோல் அட்டைக்குப் பின்னால் விறகு இருந்தது.

"அண்ணே, கண்ட்ரோலுக்கு என்ன பண்ணீங்க?"

"நீங்க சொன்னபடிதான் சார்."

"ட்ரீட்மெண்டுக்கு?"

"அதுக்கும் நீங்க சொன்னபடிதான்."

"ஒரு நாள்கூட மாறலியே?"

"எங்கம்மா மேல சத்தியம்."

சிவநேசன் இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்று, அவர் சரியாகச் சொல்லவில்லை. அல்லது, மூங்கில் குலத்திலேயே இல்லாத ஒரு மூங்கிலை அவர் கண்டுபிடித்துவிட்டார். இரண்டில் எது நடந்திருக்கும் என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டார். இரண்டாவது என்று பதில் வந்தது.

மறுநாள் பெரிய அதிகாரிகள் வந்தார்கள். தண்ணீரே இல்லாமல் தழைத்த மூங்கிலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். தினமும் குடித்த கண்ட்ரோல் வரிசை ஏன் கருகியது என்று ஒருவர் கேட்டார். அளவுக்கு மீறிய ஈரத்தில் வேர் அழுகிவிட்டது என்றார் சிவநேசன். கேட்டவர் ஆழமாகத் தலையாட்டினார். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்ததால் சன்னாசியும் தலையாட்டினார். உழைப்பைப் பாராட்டி அவருக்கு ஒரு பெட்டி மினரல் வாட்டர் பரிசளித்தார்கள். புஷ்பவள்ளி அன்று மாலையே அதைக் கடையில் கொடுத்து மீ கோரெங் நூடுல்ஸ் பாக்கெட்டுகளாக மாற்றிவிட்டார்.

அடுத்த வாரம் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சுகுமாறன் அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"சன்னாசி, ஒன் மூங்கிலுக்குத் தண்ணியே வேணாமாமே."

"அப்படியா சொல்றாங்க?"

"மணல் காடு பூரா அதையே போடப்போறாங்க. தண்ணி வேணாத செடிக்குத் தண்ணி ஊத்துற ஆளு எதுக்குன்னு மேல கேட்டாங்க. நான் என்னாத்த சொல்றது? மாசக் கடைசியில வீட்டுச் சாவியக் குடுத்துடு. சுவத்துல ஆணிய புடுங்காத."

அன்று டயாலிசிஸ் நாற்காலியில் படுத்தபடி சன்னாசி நித்தியாவிடம் புலம்பினார். சொன்னபடி செய்ததற்கு இதுதான் கூலியா என்றார். கண்ட்ரோலைக் காயப்போட்டு, ட்ரீட்மெண்டுக்கு ஊற்றி, எதில் குறை வைத்தேன் என்றார். நித்தியா மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ அங்கிள், அது உங்க கண்ட்ரோல் இல்ல லா. ஆராய்ச்சியில கண்ட்ரோல்னா எப்பவும்போல தண்ணி ஊத்தி விடுறது. ட்ரீட்மெண்ட்னாதான் தண்ணிய நிறுத்திப் பாக்குறது. நீங்க தலைகீழா பண்ணியிருக்கீங்க."

சன்னாசிக்கு அவமானம் வரவில்லை. நம்பிக்கை வந்தது. மூங்கிலுக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஆகிவிட்டால், தண்ணீர் ஊற்றும் ஆளும் வேண்டும். வாழ்நாளில் முதல்முறையாக அவர் செய்த தப்பு அவருக்குச் சோறு போடப்போகிறது. கையில் ஊசி எடுத்த இடத்துப் பஞ்சு காய்வதற்குள் சிவநேசனின் ஆபீசில் போய் நின்றார்.

சிவநேசன் கதவைச் சாத்தினார். முழுக்கக் கேட்டார். முகம், உச்சி வெயில் மூங்கில் இலைபோல ஓரங்களிலிருந்து உள்ளே சுருண்டது.

"இத யார்கிட்ட சொன்னீங்க?"

"தாதிப் பொண்ணுகிட்டதான்."

"அண்ணே, இது வெளிய போனா மொதல்ல ஒங்களத்தான் அனுப்புவாங்க."

"என்னைய ஏற்கெனவே அனுப்பிட்டாங்களே சார்."

"அப்ப சொல்லி என்னா ஆகப்போவுது?" சிவநேசன் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். குரலில் பாசம் சொட்டியது. அந்த ஆபீசில் அன்று சொட்டிய ஒரே ஈரம் அதுதான். "எனக்கு இப்பதான் பதவி உயர்வு வந்திருக்கு. ஒங்களுக்கும் ஒடம்பு சரியில்ல. வாயக் கொஞ்சம் கண்ட்ரோல் பண்ணிக்குங்க."

இந்த முறை அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று சன்னாசி யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சாவியைக் கொடுத்துவிட்டுச் சுங்கை பெசாரில் மகள் தனேஸ்வரி வீட்டுக் கூடத்தில் குடியேறினார்கள். அந்தப் பக்கம் டயாலிசிஸ் நாற்காலி எதுவும் காலியில்லை. யாரும் சாகிற மாதிரியும் தெரியவில்லை. வாரத்துக்கு மூன்று முறை பஸ் மாறிப் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கே வந்து போனார்கள். மருமகனுக்கு லீவு கிடைத்தால் கார். சில வாரங்களில் மூன்று இரண்டானது. சன்னாசியின் கால்கள் வீங்கத் தொடங்கின.

வறண்ட மாதத்தில் ஒருநாள் பஸ் அந்த மணல் காட்டைக் கடந்தது. புது மூங்கில் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றது. எல்லா இலையும் சுருட்டு. நடுவே ஒரு தண்ணீர் லோரி ஊர்ந்தது. இரண்டு வெளிநாட்டு ஆட்கள் தடித்த குழாயைப் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வேண்டாத மூங்கிலுக்கு அது ஒரு சின்னத் துணை ஏற்பாடு என்று சிவநேசன் மேலிடத்துக்கு விளக்கிவிட்டாராம். ஊற்றும் வேலை லோரி கான்டிராக்டருக்குப் போயிருந்தது.

"பாருங்க, ஒங்க வேலைய லோரி செய்யுது" என்றார் புஷ்பவள்ளி.

சன்னாசி குழாய் முனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தண்ணி குடு புள்ள."

புஷ்பவள்ளி பையிலிருந்து புட்டியை எடுத்து, குலுங்கும் பஸ்ஸில் சிந்தாமல் ஒரு மூடி அளந்தார். "முழுங்காதீங்க. வாயில வச்சுக்கிட்டே வாங்க, தாகம் அடங்கும்."

சன்னாசி அப்படியே வைத்துக்கொண்டார். முன் இருக்கையில் இருந்தவர் திரும்பி, தண்ணியே இல்லாம வளர்ற மூங்கில் இதுதானாமே, ஒங்களுக்குத் தெரியுமாண்ணே என்று கேட்டார். சன்னாசி வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.