மேலே ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது

ஆய்வகத்தில் என்ன வேலை பார்க்கிறேன் என்று வீட்டில் சொல்லிப் புரியவைக்க முயன்றதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. "செல் வளர்க்கிறோம்மா, அது பெருகித் தோலாகும்" என்றேன். அம்மா கரையான் அரித்த கதவு நிலையைக் காட்டினாள். "இன்னாடி, இங்க இருக்கிற செல்லு பத்தாதுன்னு அங்க வேற போய் வளக்கறியா?" நைனாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

எங்கள் ஊர் தோணிரேவிலிருந்து பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து சென்னைக்கு ரயில். அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்த தோலை, உரியவர்கள் சம்மதித்தால், எங்களுக்கு அனுப்புவார்கள். அதிலிருந்து செல்களைப் பிரித்து, அடியில் மெல்லிய சவ்வு வைத்த சின்னக் கிண்ணங்களில் விடுவோம். முதல் சில நாட்கள் மேலும் கீழும் மீடியம் இருக்கும். அதுதான் செல்களுக்குச் சாப்பாடு, இளஞ்சிவப்புத் தண்ணீர். பிறகு மேலே இருப்பதை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். கீழே ஈரமும் மேலே காற்றும் இருந்தால்தான் செல்கள் அடுக்கடுக்காக ஏறும். உச்சியில் இருப்பவை செத்துக் காய்ந்து, நம் உடம்புத் தோல் மாதிரியே மூடும். இரண்டு வாரம் ஆகும். ஒருநாள் விட்டு ஒருநாள் மீடியம் மாற்ற வேண்டும். ஞாயிறு, பொங்கல் எல்லாம் செல்லுக்குத் தெரியாது.

முதல் தடவை பூஞ்சை பிடித்தது. அத்தனை கிண்ணத்தையும் கொட்டினேன்.

இரண்டாம் தடவை ஒன்பதாம் நாள், சனிக்கிழமை. மீடியம் மாற்றப் போக வேண்டும். அன்றைக்குப் பார்த்து ரேஷன் கடையில் மாதக் கடைசி நாள். அம்மா ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு நாள் முழுக்கச் சேற்றை விரலால் துழாவுவாள். கடையில் இருக்கும் ரேகை மெஷினுக்கு அவளுடைய தேய்ந்த விரல் தெரியாது. நைனா கையும் அதே கைதான். கார்டில் இருக்கும் மூன்றாவது ஆள் நான்.

ஆய்வகத்தில் என்னோடு இருந்த மாணவருக்கு போன் போட்டேன். "கீழ மட்டும் மாத்துங்க. மேல ஒரு சொட்டு ஊத்தக்கூடாது."

"தெரியும்க்கா."

கடையில் முதலில் சர்வர் இல்லை. அது வந்ததும் அம்மா விடாப்பிடியாகத் தன் கையையே வைத்தாள். முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பத்து விரலையும் வைத்துப் பார்த்தாள். கடைக்காரர், "பின்னால ஆள் நிக்கறாங்கம்மா" என்று சலித்துக்கொண்டார். நான் வைத்ததும் உடனே பில் வந்துவிட்டது. இதற்காகத்தான் அன்றைக்கு லீவு!

திரும்பும் வழியில் அம்மா கேட்டாள். "நீ வளக்கற தோலுல கொஞ்சம் எடுத்தாந்து என் வெரல்ல ஒட்டேன்."

"அது மருந்து சோதிச்சுப் பாக்கறதுக்கும்மா. ஒட்டறதுக்கு இல்ல. ஒட்டினாலும் மறுநாளே சேத்துல தேச்சிடுவ."

அவள் அரிசிப் பையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். இப்படியா பேசுவது என்று வீடு வரும்வரை என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மூடியைத் திறந்தேன். எல்லாக் கிண்ணத்திலும் மேலே இளஞ்சிவப்பு தளும்பிக்கொண்டிருந்தது.

"மேல காஞ்சு கெடந்துச்சுக்கா," என்றார் அந்த மாணவர். "செத்துடுமோன்னு பாவமா இருந்துச்சு."

"காயணும்! அதுக்குத்தான் இத்தனை நாள் வந்துட்டுப் போனேன்!"

நான் கத்தியது வராந்தாவரை கேட்டிருக்கும். வெட்டிப் பார்த்ததில் மேல் அடுக்குகள் ஊறிப் பிரிந்திருந்தன. ஆய்வகத்தை நடத்தும் மேடம் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை போட்டுடு" என்றார், டீ போடச் சொல்வது மாதிரி.

மூன்றாம் தடவை யாரையும் நம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸே வரவில்லை. காட்டூர் வழியாக மீஞ்சூர் போகும் ஷேர் ஆட்டோவில், யாருடையதோ நண்டுக் கூடை மடியில் இருக்க, போய் ரயிலைப் பிடித்தேன். பாவாடையெல்லாம் உப்புத் தண்ணீர். ஆய்வகத்துக்குள் நுழையுமுன் கையை எத்தனை தடவை கழுவினேன் என்று எனக்கே தெரியாது.

பதினான்காம் நாள் எடுத்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். அடியில் செல்கள் நெருக்கியடித்து நிமிர்ந்து நின்றன. மேலே போகப் போகத் தட்டையாகி, உச்சியில் செதில் செதிலாக இருந்தன. எட்டு அடுக்கு. இன்னொரு இடத்தில் எண்ணினேன். ஒன்பது. மேடத்தைக் கூப்பிட்டேன்.

மேடம் வெகுநேரம் பார்த்தார். "நல்லா வந்திருக்கு. இன்னும் ரெண்டு பேரோட தோல்லயும் இதே மாதிரி வந்தா நம்பலாம்."

இன்னும் இரண்டு பேர்! எத்தனை ஞாயிற்றுக்கிழமை போகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே பையை மாட்டினேன். வாசலில் ஐஸ் பெட்டியோடு ஆஸ்பத்திரி ஆள் நின்றார். புதுத் தோல். அதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தள்ள மனசு வரவில்லை. அம்மாவுக்கு போன் போட்டு வர நேரமாகும் என்று சொன்னேன். பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கையுறையை எடுத்தேன்.