பாண்டிச்சேரி மேடையில் நெடுங்காட்டு பஸ்

பள்ளிப் பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிக்காகக் காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் அழைத்துப்போய், அன்றைக்கே திரும்ப முடியுமா என்று ஓர் ஆசிரியை கேட்டிருந்தார். முடியும். நான் அப்படிப் போய் வந்திருக்கிறேன். ஆசிரியையாக அல்ல, பிள்ளையாக. எண்பதுகளின் தொடக்கம், ஒரு தை மாதம். ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். வழி இன்றைக்கும் அதேதான் என்பதால், நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் ஊர் நெடுங்காடு. காரைக்காலுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் காலை ஐந்து மணி பாண்டிச்சேரி பஸ்ஸைப் பிடிக்க அங்கிருந்து வர வழி கிடையாது. முதல் நாள் சாயங்காலமே கிளம்ப வேண்டும். அப்பா களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "போயிட்டு வா. ஆனா பரீட்சையோட படிப்பு போதும். இருட்டுல பஸ் ஏறி வர்ற படிப்பு வேணாம். அதுக்கப்புறம் காலேஜு அது இதுன்னு கேக்கக் கூடாது."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குப் பள்ளி விட்ட பிறகு ஐந்தேகால் வரை சிறப்பு வகுப்பு. நெடுங்காட்டு பஸ் நாலு நாற்பதுக்கே கிளம்பிவிடும். அடுத்தது ஏழு மணிக்கு. அந்தப் பக்கத்துப் பெண்கள் பாதி வகுப்பில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம், இல்லையென்றால் இருட்டில் இறங்குவோம். எங்கள் தெரு செல்வி அரையாண்டுத் தேர்வோடு நின்றே விட்டாள்.

அன்று இரவு ரீட்டா வீட்டில் தங்கினேன். ரீட்டா என் வகுப்புத் தோழி. பேச்சுக்கு நான், ஓவியத்துக்கு அவள். வீடு மாதா கோயிலுக்குப் பின்னால். அவள் பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், ஓய்வூதியம் பிரான்சிலிருந்து வரும். ராச்சாப்பாட்டுக்கு ரொட்டியும் மீன் குழம்பும் வைத்தார்கள். எங்கள் வீட்டில் காய்ச்சல் வந்தால்தான் ரொட்டி. மீன் குழம்போடு அது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

விடியற்காலையில் ஜெயமேரி டீச்சர் பஸ் நிலையத்தில் காத்திருந்தார். எங்கள் தமிழ் டீச்சர். பிள்ளைகளை வெளியூருக்குக் கூட்டிப்போவது அவருக்கும் அதுதான் முதல் தடவை. கையில் செபமாலை. டிக்கெட் தலைக்கு எட்டு ரூபாய்ச் சொச்சம். பஸ் சரியாக ஐந்துக்குக் கிளம்பி, கோட்டுச்சேரியில் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு, எல்லைச் சோதனைச் சாவடியில் நின்றது. எங்கள் தலைநகருக்குப் போக நாங்கள் தமிழ்நாட்டைக் கடந்தாக வேண்டும். காரைக்கால் பஸ் என்றாலே போலீசார் ஏறி, சாராயம் இருக்கிறதா என்று மூட்டைகளைத் தட்டிப் பார்ப்பார்கள். அன்று ரீட்டாவின் பையிலிருந்து ஒரு பாட்டில் வெளியே வந்தது. பெரியப்பாவின் பிராந்தி பாட்டில், மேலே பிரெஞ்சு லேபிள்.

"என்னம்மா இது?"

"எலுமிச்சம்பழ ஜூஸ் அண்ணே. அம்மா ஊத்திக் குடுத்தாங்க. வேணும்னா குடிச்சுப் பாருங்க."

போலீஸ்காரர் மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒரு வாய் குடித்தும் பார்த்தார். பஸ்ஸே சிரித்தது. ஜெயமேரி டீச்சர் மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தவர், "காரைக்கால் புள்ளைங்கன்னா பாட்டில் இல்லாம வருமா" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

எனக்குச் சுருக்கென்றது. தரங்கம்பாடி தாண்டும் வரை பொருமிக்கொண்டே வந்தேன். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் இல்லையா, நெல் விளையவில்லையா, சாராயம் மட்டும்தானா? ரீட்டா சமாதானம் சொல்லவில்லை. "வெளியூர்க்காரங்களுக்கு அதுதான் தெரியும். நீ இன்னிக்கு மேடையில என்ன சொல்லப் போற? கோயில், மாங்கனித் திருவிழா, மாதா கோயில், தர்கா, எல்லாரும் ஒத்துமையா இருக்கோம். அவ்வளவுதானே? அது பொய்யில்ல. ஆனா அது நம்ம இல்லடி."

எனக்குக் கோபம் வந்தது. டீச்சர் இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதிக் கொடுத்த பேச்சு அது. சிதம்பரத்தில் பஸ் இருபது நிமிஷம் நின்றபோது, இட்லி சாப்பிடாமல் அதைத்தான் மனப்பாடம் செய்தேன். (இப்போது போகிறவர்கள் அங்கே சாப்பிட்டுவிடுங்கள். அதற்கப்புறம் கடலூர் வரை ஒன்றும் சரியாக அமையாது.) ஒன்பதரைக்குப் பாண்டிச்சேரி. ஏறக்குறைய நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டர், நாலரை மணி நேரம்.

போட்டி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். தலைப்பு 'எங்கள் ஊரின் பெருமை'. எனக்கு முன்னால் மேடையேறியவன் காரைக்காலின் இன்னொரு பள்ளி மாணவன். வாயைத் திறந்தான். அம்மையார் பிறந்த மண் என்றான். மாங்கனிகள் மழையாய்ப் பொழியும் என்றான். மூன்று மதமும் கைகோக்கும் என்றான். ஒரு வாக்கியம் அல்ல, கிட்டத்தட்ட என் பேச்சு முழுவதையும் பேசிவிட்டு இறங்கினான். எல்லாப் பள்ளியிலும் அதையேதான் எழுதித் தருகிறார்கள் போலிருக்கிறது. ஜெயமேரி டீச்சர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேடையேறினேன். 'காரைக்கால்' என்று அறிவித்ததும் பின்வரிசையில் யாரோ பாட்டில் சாய்க்கிற மாதிரி கையைக் காட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என் வாயைத் திறந்தது.

"எங்கள் ஊரில் சாராயம் மலிவு. அது உண்மை. கூலி வாங்குகிற சனிக்கிழமை எங்கள் தெருவில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியாது என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்தும் ஒருத்தி படிக்க வருகிறாள். பாடம் பாதியில் இருக்கும்போது, நாலு நாற்பது பஸ்ஸுக்காகப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். மறுநாள் காலையில் திரும்பவும் வந்து, விட்ட பாதியைப் பக்கத்துப் பெண்ணிடம் கேட்டு எழுதிக்கொள்கிறாள். எங்கள் ஊரின் பெருமை என்று என்னைக் கேட்டால் அவளைத்தான் காட்டுவேன்."

இன்னும் ஏதேதோ பேசினேன். நூலகத்தில் பெண்கள் உட்கார்ந்து படித்தால் ஏன் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று கேட்டது நினைவிருக்கிறது. மூன்றாம் பரிசு. ரீட்டாவுக்கு ஒன்றுமில்லை, அதைப் பற்றி அவளுக்குக் கவலையுமில்லை. மூன்று மணி பஸ்ஸில் திரும்பினோம், எனக்கு அன்று இரவும் ரீட்டா வீடுதான். ஜெயமேரி டீச்சர் சீர்காழி வரை செபமாலையை உருட்டிக்கொண்டே வந்தார். பிறகு, "நல்லாத்தான் பேசுன. பெரிய டீச்சர் காதுக்குப் போனா என்ன ஆகுமோ" என்றார்.

போயிற்று. அந்த இன்னொரு பள்ளிக்காரர்கள் வழியாகவே போயிற்று. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். களத்து வேலையை விட்டுவிட்டு, தோளில் துண்டோடு அப்பா வந்து நின்றார். இன்றோடு படிப்பை நிறுத்தினாலும் நிறுத்துவார் என்று நினைத்தேன்.

பெரிய டீச்சர், அதாவது எங்கள் தலைமையாசிரியை, ஆரம்பித்தார். "உங்க பொண்ணு பாண்டிச்சேரியில போயி நம்ம ஊரு மானத்தை வாங்கிட்டு வந்திருக்கா. என்ன பேசுனான்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுங்க. வீட்டுல சொல்லிச்சு." அப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "பொண்ணு பொய் சொல்லலீங்க. அந்த பஸ்ஸுனாலதான் போதும் படிப்புன்னு நானே சொல்லிவச்சிருக்கேன். வேற ஒண்ணும் காரணம் இல்லீங்க."

அப்பா எனக்காகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இதை அங்க போயி சொல்றதுக்கு முந்தி இங்க சொல்லக்கூடாதா?" என்று தலைமையாசிரியை என்னைக் கேட்டார்.

பதில் வாசலிலிருந்து வந்தது. யாரும் கூப்பிடாமலே ரீட்டா வந்து நின்றிருந்தாள். "சொன்னோம் டீச்சர். பஸ் டயத்தை மாத்த நம்மால முடியாதுன்னீங்க. வகுப்பு டயத்தை மாத்தலாம்னு எங்களுக்குக் கேக்கத் தோணல."

தலைமையாசிரியை அவளை முறைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "காலையில எத்தனை மணிக்கு வர்றீங்க?"

"எட்டுக்கெல்லாம் வந்துடுவோம் டீச்சர். அதுக்கப்புறம் அடுத்த பஸ்ஸுல வந்தா லேட்டாயிடும். மணி அடிக்கிற வரைக்கும் மரத்தடியில சும்மாதான் உக்காந்திருப்போம்."

அதை அதுவரை யாரும் எங்களைக் கேட்டதில்லை. மறு திங்கட்கிழமையிலிருந்து சிறப்பு வகுப்பு காலை எட்டேகாலுக்கு மாறியது. டவுன் பெண்கள் சிலர் தூக்கம் போயிற்று என்று என்னைத் திட்டினார்கள், ரீட்டாவும்தான். செல்வி அந்த வருஷம் வரவில்லை. அடுத்த வருஷம் தனித்தேர்வு எழுதித் தேறினாள்.

இனி, கேட்ட ஆசிரியைக்கு. காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். பிற்பகல் மூன்றுக்குள் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிவிடுங்கள். பஸ் இறங்கி உள்ளூருக்குப் போகவேண்டிய பிள்ளைகள் இருந்தால், அவர்களுடைய கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். பேச்சை முழுவதுமாக எழுதித் தராதீர்கள். பாதி தாருங்கள், போதும். அவர்கள் ஏதாவது எக்குத்தப்பாகப் பேசிவிடுவார்கள் என்று பயமாகத்தான் இருக்கும். ஜெயமேரி டீச்சரும் பயந்தார். ஆனால் பெரிய டீச்சர் விசாரித்தபோது, "நான்தான் கூட்டிட்டுப் போனேன், என்னையும் சேத்துக் கேளுங்க" என்று சொன்னவர் அவர்தான்.

அன்று பள்ளியிலிருந்து வெளியே வந்து நானும் அப்பாவும் பஸ் நிலையம் வரை நடந்தோம். நெடுங்காட்டு பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் விட்டு உட்கார்ந்தார். பஸ் கிளம்பி ஊரைத் தாண்டிய பிறகு, வெளியே அறுத்த வயலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"டவுன்ல இருக்குற அந்தப் பொம்பளப் புள்ளைங்க காலேஜு, சாயங்காலம் எத்தனை மணிக்கு விடுவாங்க?"