வால்நட்சத்திரம் பிடிக்கப் போன ஸ்டாண்டு

வெங்கடபதி சாக்பீஸில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டால் அந்தப் பம்பு மறுபடி உலைக்குத்தான் போகும். பீளமேட்டில் ஒரு மோட்டார் கம்பெனியில் கல்யாணத்துக்கு முந்தியிருந்தே அவருக்குச் சரக்கைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் வேலை. தடவிப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், ஆட்டிப் பார்ப்பார். ஆடினால் தள்ளுபடி. சொந்தத்தில் யார் மோட்டார் வாங்கினாலும், பெண்ணுக்குச் சீர் கொடுக்கப் பீரோ எடுத்தாலும், வெங்கடபதியைக் கூட்டிக்கொண்டு போய்த்தான் எடுப்பார்கள். அவர் உதட்டைப் பிதுக்கினால் போதும், கடைக்காரர் எத்தனை சொன்னாலும் திரும்பி வந்துவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட வாய் அது. வினையும் அந்த வாயாலேதான் வந்தது.

அவருடைய அம்மா குழந்தையம்மாளுக்குக் கூடப்பிறந்தவர் ஒரே அண்ணன். அந்த அண்ணனுக்கு சென்னகேசவன், பத்மாவதி என்று இரண்டு மக்கள். பத்மாவதியையே வெங்கடபதிக்குக் கட்டிவைத்தார்கள். அதனால் சென்னகேசவன் இரண்டு வழியிலும் மச்சான். சூலூர்ப் பக்கம் தோட்டம், அப்புறம் நூல் வியாபாரம் என்று கொஞ்சம் மேலே வந்தவர். தொண்ணூற்றேழாம் வருசம் பங்குனியில் அவர்தான் சொந்தபந்தத்தைச் சேர்த்துக்கொண்டு காசிக்குக் கிளம்பினார். அந்தப் பங்குனியில்தான் பொழுது சாய்ந்ததும் மேற்கே வால்நட்சத்திரம் வந்து நின்றது.

வெங்கடபதிக்குச் சீட்டாட்டம் கிடையாது, சினிமா கிடையாது. இருந்த ஒரே பைத்தியம் வானம். ஒரு பழைய ரஷ்யக் கேமராவும் ஒரு நீள லென்சும் வைத்திருந்தார். "இங்கெல்லாம் அது கீழயே நின்னு மறைஞ்சுருது. வடக்கே போனா நல்லா மேல தெரியுமுங்க மச்சான். காசியில புடிச்சு எல்லார் ஊட்டுக்கும் ஒரு படம் தாரேன்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு, ரயிலில் கொண்டுபோகிற மாதிரி ஒரு ஸ்டாண்டு வேண்டுமே?

வானம் நகர்ந்துகொண்டே இருப்பதால் கேமராவைச் சும்மா வைத்தால் நட்சத்திரம் புள்ளியாக விழாது, கோடாக இழுத்துவிடும். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். இரண்டு தேக்குப் பலகையைக் கீல் போட்டுச் சேர்த்து, அடியில் ஒரு நீளப் போல்ட். போல்ட்டை மெல்லத் திருகத் திருக மேல்பலகை கேமராவோடு வானம் போகிற போக்கிலேயே எழும்பும். ஒன்றே ஒன்று: கீல் நேராகத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பலகையை அவரே இழைத்தார். மடக்குக் காலும், பலகையைச் சாய்த்து நிறுத்துகிற இரும்பு முட்டும் உக்கடத்தில் முஸ்தபாவின் வெல்டிங் பட்டறையில் தயாராயின. வெங்கடபதி வீட்டு மாடிப்படிக் கைப்பிடிகூட முஸ்தபா செய்ததுதான். சென்னகேசவன் அப்போது புதுவீடு கட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கைப்பிடியைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு கேட்டும் ஜன்னல் கம்பியும் முஸ்தபாவுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

முட்டில் முஸ்தபா நீளத் துளையாக ஒரு காடி வெட்டி, போல்ட் போட்டு, ஏற்றி இறக்கும்படி விட்டிருந்தார். வெங்கடபதி ஆட்டிப் பார்த்தார். இம்மி அசைந்தது.

"பாய், இது ரயில்ல குலுங்கி லூஸாயிருமுங்க. சரியா வெச்சுத் தாரேன், அப்படியே பத்த வெச்சுப்போடுங்க."

"இருக்கட்டுமுங்க இன்ஸ்பெக்டர். பத்த வெச்சுட்டா அப்பறம் அறுத்துத்தான் எடுக்கோணும்."

"எதுக்கு எடுக்கோணும்?"

"அதெனக்கு என்னங்க தெரியும்? கல்யாண மண்டபத்து மைக் ஸ்டாண்டே ஏறி எறங்குது. வானத்துக்குப் போறது எறங்கக் கூடாதுங்களா?"

"ஆடுச்சுன்னா நான் தள்ளுபடி பண்ணிப்போடுவேன். தெரியுமில்லீங்க?"

"உங்க சாக்பீஸுக்கு யாருங்க பயப்படாம இருப்பா" என்று சிரித்துக்கொண்டே முஸ்தபா முகமூடியைக் கவிழ்த்துக்கொண்டு பற்றவைத்தார். இழை பிசிறில்லாமல் விழுந்தது.

அன்றைக்குப் பொழுது விழுந்ததும் வீட்டு மொட்டைமாடியில் வைத்துப் பார்த்தார். கீல் வழியாகக் கண்ணை விட்டால் துருவ நட்சத்திரம் அச்சாக அதில் உட்கார்ந்திருந்தது. வெங்கடபதி பத்மாவதியையும் பார்க்கச் சொன்னார். பிறகு எல்லாவற்றையும் மடக்கி, அவளுடைய பழைய சேலையைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

"ஏனுங்க, என்ற மாத்துச் சேலைக்கு எடமில்ல, உங்க ஸ்டாண்டு மட்டும் சேலை கட்டிட்டுக் காசிக்கு வருதாக்கும்" என்றாள்.

காசியில் சத்திரத்து மாடி. கங்கையில் முழுகிவிட்டு வந்த ஈரத்தலையோடு சொந்தமெல்லாம் சுற்றி உட்கார்ந்தது. மேற்கே வால்நட்சத்திரம், கோவையில் பார்த்ததைவிட நல்ல உயரத்தில். வெங்கடபதி காலைப் பிரித்து, பலகையை மாட்டி, குனிந்து கீல் வழியாகப் பார்த்தார். வெறும் இருட்டு. நிமிர்ந்தார். துருவ நட்சத்திரம் எங்கேயோ மேலே நின்றது.

தெரியாத விஷயமா? கோவையில் அது பதினோரு டிகிரி. வடக்கே போகப்போக மேலே ஏறும், காசியில் இருபத்தைந்து. கம்பெனிக்குப் புதிதாக வருகிற பையன்களுக்கெல்லாம் டீக்கடையில் கிளாஸைக் கவிழ்த்து வைத்து இதைச் சொன்னவரே அவர்தான். வால்நட்சத்திரம் உயரத்தில் தெரியும் என்று வந்தவர், அதோடு சேர்ந்து இதுவும் ஏறியிருக்கும் என்று நினைக்காமல், கோவை வானத்தை இரும்பில் பற்றவைத்துக் காசிக்குத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

செங்கல்லைக் கொடுத்து முன்காலைத் தூக்கிப் பார்த்தார். ஸ்டாண்டு பின்னால் சாய்ந்தது. பத்மாவதி ஓடி வந்து கேமராவைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன மாப்பிள்ளை, படம் வருமா வராதா?" என்றார் சென்னகேசவன்.

அத்தனை முகமும் அவரைப் பார்த்தது.

"பாய் ஸ்டாண்டைக் கோணலாப் பத்த வெச்சுப்போட்டாருங்க மச்சான்."

"உன்ற கண்ணுக்கே தப்பிருச்சா?"

"கெளம்பற அவசரத்துல பாக்காம உட்டுட்டேன்."

அவ்வளவுதான். பத்மாவதி கேமராவைப் பிடித்தபடி புருசனைப் பார்த்தாள்.

திரும்பி வருகிற ரயிலில் அந்தப் பேச்சு பெட்டி முழுக்கச் சுற்றியது. "கோணலாப் பத்த வெச்சுட்டானாம், பாவம், வெங்கடபதி ஆசைப்பட்டு வந்தான்" என்று அவருக்குத்தான் எல்லாரும் பரிதாபப்பட்டார்கள். ஆளாளுக்கு முறுக்கும் பழமும் நீட்டினார்கள். அதை வாங்கித் தின்றார் அவர். எந்த ஸ்டேஷனிலும் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

ஊருக்கு வந்தும் வால்நட்சத்திரம் இருந்தது. பொழுது சாய்ந்ததும் ஆசை விடவில்லை. மாடியில் வைத்துப் பிடித்தார். கழுவி வந்த படத்தில் வால் பால் சிந்தின மாதிரி விரிந்திருந்தது. சுற்றிலும் நட்சத்திரங்கள் ஊசிமுனைப் புள்ளியாக நின்றன. அத்தனை நாள் ஏங்கின படம். பத்மாவதி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது அதே ஸ்டாண்டுதானுங்களே?"

"அதேதான் அம்மணி."

"அப்ப கோணல் எங்கீங்க போச்சு?"

படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாளே வெங்கடபதி சூலூருக்குப் பஸ் ஏறினார். புதுவீட்டு வாசலில் கேட் நின்றது. அது முஸ்தபா கைவேலை இல்லை என்று தூரத்திலேயே தெரிந்தது. மச்சானை ஓரமாகக் கூப்பிட்டு, படத்தைக் கையில் கொடுத்து, நடந்ததைச் சொன்னார். சென்னகேசவன் படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"வேற எவனாச்சும் சொல்லியிருந்தா காதுலயே போட்டிருக்க மாட்டேன் மாப்பிள்ளை. நீ சொன்னியேன்னுதான் அந்தாளுகிட்ட ஒரு வார்த்தைகூடக் கேக்காம வேலைய மாத்திக் குடுத்தேன். கம்பியெல்லாம் ஏத்தியாச்சு. இப்ப வந்து சொல்றியே."

வெங்கடபதி அங்கிருந்து நேரே உக்கடம் போனார். ஸ்டாண்டு பைக்குள் இருந்தது. முஸ்தபா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க இன்ஸ்பெக்டர். தள்ளுபடிச் சரக்கைத் திருப்பிக் குடுக்க வந்தீங்களா?"

விஷயம் அவர் காதுக்கு வந்திருந்தது. வெங்கடபதி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மச்சானிடம் சொல்லிவிட்டதையும், புதுவீட்டில் வேறு ஆள் செய்த கேட் ஏறிவிட்டதையும் சொன்னார். முஸ்தபா கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. ஸ்டாண்டை வாங்கி, பற்றவைத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இதை எடுத்துப்போடணுமுங்க பாய்."

"அன்னிக்கே சொன்னேனுங்க. அறுத்துத்தான் எடுக்கோணும்." இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடை எடுத்து நீட்டினார். "நீங்களே அறுங்க. உள்ள எடமில்ல, வாசல்ல உக்காந்துக்கங்க."

வாசல் என்றால் கடைவீதி. வெங்கடபதி குத்துக்கால் போட்டு உட்கார்ந்து அறுக்கத் தொடங்கினார். நல்ல பற்றவைப்பு, லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. கை காந்தியது. முஸ்தபாவின் சம்சாரம் ரம்லா டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். குனிந்தபடி அதைக் குடித்தார்.

வெங்கடபதியின் கம்பெனியில் லோடு எடுக்கிற ஆள் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். "ஏனுங்க, நீங்க போய் இங்க வந்து அறுத்துட்டிருக்கறீங்க? பாய் வேலை சரியில்லீங்களா?"

உள்ளே சுத்தியல் சத்தம் நின்றது.

"வேலை சரிதானுங்க" என்றார் வெங்கடபதி. "தப்பாப் பத்த வெக்கச் சொன்னது நானு. சொல்லிப்போட்டு, பழிய பாய் மேல போட்டதும் நானுதான்."

சைக்கிள்காரர் பெடலை மிதித்துக் கிளம்பினார். சுத்தியல் மறுபடி கேட்டது. இரும்பு இன்னும் பாதி இருந்தது. சாயங்காலக் கூட்டம் அப்போதுதான் தெருவுக்குள் வர ஆரம்பித்திருந்தது.