அவர் வைக்காத சிப்பாய்

கவரைப்பேட்டை ரயில்வே கேட்டில் வேலை பார்த்த ஆசீர்வாதம், 1968இல் ஒரு சதுரங்கப் புதிரை உண்டாக்கி மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார். வெள்ளை ஆடி, இரண்டே நகர்த்தலில் கறுப்பு ராஜாவை மடக்க வேண்டும். நாலு மாத உழைப்பு. கட்டத்துக்கு மேலே ஆக்கியவர் பெயர் போடுவார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் அத்தனை பாடும்.

வெள்ளைக் குதிரை தன் யானையின் வழியையே அடைத்தால், கறுப்பு ராஜா வெளியேற ஒரு கட்டம் கிடைக்கும். அதனால் அது தப்பு என்று எவரும் ஒதுக்குவார்கள். அடைக்காமல் விட்டாலோ கறுப்புக்கு நகர்த்த ஒன்றுமே இராது, ஆட்டம் டிரா. எதைத் தப்பென்று ஒதுக்கினோமோ, அதையே, அதே காரணத்துக்காக, வேண்டுமென்றே செய்ய வேண்டும். வெளியே வருகிற ராஜா மாட்டிக்கொள்ளும்.

பத்திரிகை வந்தது. பெயர் இருந்தது. மூலையில் அவர் வைக்காத கறுப்புச் சிப்பாய் ஒன்றும் இருந்தது. அது நகர இடமிருந்ததால் டிரா ஆகாது; வழியை அடைக்கவே தேவையில்லை. மறுவாரம் குறிப்பு: "கவரைப்பேட்டை ஆசீர்வாதத்தின் புதிரில் இரண்டு விடை. விட்டுப்போன சிப்பாயை நாமே சேர்த்து உதவியும் பிழை தீரவில்லை."

"உதவியாம்! கேட்காரன் இன்னாத்த கண்டான்னு நெனச்சுட்டானுங்க."

மனைவி சாராள் கீரையை உருவிக்கொண்டே கேட்டாள்: "பேரு வந்தா போதும்னியேய்யா. சர்ச்சுல அத்தினி பேருக்கும் காட்டிக்கினு வந்தியே?"

"எவனோ பண்ண தப்பு மேல என் பேரு எதுக்குடி?"

அன்றே கார்டு எழுதினார்: "நான் வைக்காத காய் நிற்கும் கட்டத்தில் என் பெயர் வேண்டாம். எடுத்துவிட்டு, புதிரைச் சரியாகப் போடவும்."

மூன்றாம் வாரம் புதிர் சரியாகவே வந்தது. சிப்பாய் இல்லை. பெயரும் இல்லை. 'ஆக்கியவர் விருப்பப்படி பெயர் நீக்கப்பட்டது.'

பத்திரிகையைக் கட்டில் மேல் வீசினார். அதற்குள் வண்டி வருகிற மணி அடித்தது. போய் கேட்டை மூடினார்.

"இன்னா நைனா, நான் வந்தாத்தான் மூடுவியா?" என்று லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான்.

"மூடத்தான்யா சம்பளம்! நல்லா அடி!"

வண்டி போனதும் கேட்டைத் திறந்துவிட்டு வந்து, இன்னொரு கார்டை எடுத்தார். 'ஐயா, பெயரைப் போடவும்.'

சாராள் எட்டிப் பார்த்தாள். "போடுவானுங்கோ. கூடவே சிப்பாயயும் போடுவானுங்கோ, பாரு."