பெட்டி ஒட்டாத பாட்டு

மகளின் பள்ளி வேலைக்கு மைதாப் பசை காய்ச்சிய வாசனையில், இன்று பைக் நிறுத்துமிடமாகிவிட்ட எங்கள் திருத்தங்கல் தகரக் கொட்டகை திரும்பி வந்துவிட்டது. அங்கே அம்மாவும் அத்தையும் பக்கத்து வீட்டுப் பெண்களும் ரேடியோ கேட்டுக்கொண்டே தீப்பெட்டி ஒட்டுவார்கள். ஒரு பாட்டு முடிவதற்குள் எத்தனை பெட்டி ஒட்டினோம் என்பதை வைத்தே பாட்டுகளை வரிசைப்படுத்துவார்கள். குத்துப் பாட்டுக்கு முப்பது, சோகப் பாட்டுக்குப் பதினைந்துதான். ஒட்டிய பெட்டிகளை ஏற்றிப்போக லோடு வண்டி வரவேண்டிய ஒரு சாயங்காலம் புதுப் பாட்டு ஒன்று ஒலிக்க, அம்மா பசைக் கையோடு எழுந்து ஆடினாள், எல்லோரும் ஆடினார்கள்.

பாட்டு முடிந்ததும், "மதினி, எம்புட்டு ஒட்டுனீக?" என்றாள் அத்தை.

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது.

"ஒண்ணுகூட இல்ல," என்றாள் அம்மா, மூச்சிரைக்க. "இதையே மொதப் பாட்டா வச்சுக்கிருவோம்."

என் வரிசையிலும் இன்றுவரை அதுதான் முதல்.