மயிலுக்கு விரித்த பனியன் மெத்தை

பேசிக்கொண்டிருக்கும்போதே வேலாத்தாளின் கை உங்கள் தோளுக்கு வந்துவிடும். பயப்பட வேண்டாம். சட்டைத் தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிரைக் கிள்ளி எடுத்த பிறகுதான் அவளுக்கு அடுத்த பேச்சு. நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் காலரில் நூல் தொங்கினாலும் விடமாட்டாள். ஒருமுறை திருநீறு கொடுக்கக் குனிந்த பூசாரியின் துண்டிலேயே கைவைத்துவிட்டாள். "பிசிரப் பாத்தா கை சும்மா இருக்க மாட்டேங்குதுங்க சாமி!" அவரே சிரித்துவிட்டார்.

கணவன் குணா, மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். அவருடைய வெள்ளைக் குதிரை ஈன்ற குட்டிக்கு மயிலு என்று பேர் வைத்தது இவள்தான். குதிரைக்கு மயிலா என்று கேட்டால் மடக்கிவிடுவாள். "முருகனுக்கு மயிலு வாகனந்தானுங்களே? இதும் வாகனந்தானுங்க."

முகூர்த்த மாதம் வந்தது. குட்டிக்கும் பால் மறக்கடிக்கிற வயசு. ஊர்வலங்களுக்கு அங்கிருந்தே ஓட்டிப்போகலாம் என்று தாயை வெள்ளகோவிலில் குணாவின் அண்ணன் தோட்டத்தில் கட்டிவிட்டு, குட்டியை மட்டும் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வைத்துக்கொண்டார்கள். அது கனைத்த கனைப்பில் தெருவே எட்டிப் பார்த்தது. தொட்டியில் போட்ட தீனியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வேலாத்தாள் விடுவாளா? ஊறவைத்த கொள்ளை நசுக்கி, கோதுமைத் தவிட்டில் பிசைந்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "ஒரு வாய் தின்னு கண்ணு. அம்மா இப்ப வந்துரும்." பச்சைப் பொய். ஆனால் குட்டி தின்றது. அப்புறம் அவள் கையில் மட்டும்தான் தின்றது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுக்க வேண்டுமே என்று, மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் கம்பெனியிலிருந்து ஓடி வருவாள்.

அன்பு மிஞ்சினால் புத்தி பின்னால் போய்விடும். சிமெண்ட் தரை குட்டிக்குச் சில்லென்று இருக்குமே என்று, கம்பெனியில் பனியன் துணி வெட்டி மிஞ்சிய துணுக்கும் நூலுமாக ஒரு மூட்டை கட்டிங் வேஸ்ட் கொண்டுவந்து மெத்தையாக விரித்தாள். திருப்பூரில் வண்டி துடைக்கவும் அதுதான், தலையணைக்குள் அடைக்கவும் அதுதான். குட்டிக்கு விரித்தால் என்ன என்று நினைத்துவிட்டாள். தாய்மடி தேடிய வாய் அதைச் சப்பியது, பிறகு விழுங்கியது.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் கையில் இருந்த தவிட்டையும் குட்டி தொடவில்லை. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. தரையைக் காலால் பிறாண்டியது. வாயோரம் ஒரு சிவப்புத் துணுக்கு. அதைக் கண்டதும் வேலாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். குணா கூட்டிவந்த கால்நடை டாக்டரிடம் அழுதாள். "டாக்டரு, மெத்துனு இருக்கட்டுமேன்னு நாந்தானுங்க விரிச்சுப்போட்டேன்!"

டாக்டர் குட்டியின் மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றினார். "லத்தி போட்டுட்டாப் பொழைச்சுக்குமுங்க. இல்லீன்னா வயித்தக் கிழிக்கோணும், இந்த உசுரு தாங்காது. மெதுவா நடக்க வைங்க. ஒண்ணு சொல்றன், நூலு கீது வெளிய தொங்குனா இழுத்துப்போடாதீங்க. உள்ள கொடல அறுத்துப்போடும். தானா வரோணும்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து குட்டியோடு நடந்தாள். குணா அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, ரெண்டு வார்த்த திட்டுனாத்தான் என்னங்க?"

"பேசாம நட புள்ள," என்றார் அவர். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

வெயில் ஏறியபோது குட்டி நின்றது. வாலைத் தூக்கியது. பொத்துப் பொத்தென்று விழுந்தது லத்தி, எண்ணெய்ப் பளபளப்போடு, நடுவில் சிவப்பும் நீலமுமாகத் துணுக்குகள். "முருகா!" என்று கத்தியேவிட்டாள். குணா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

குட்டி மறுபடி நடக்கத் தொடங்கியது. வாலடியில் ஒரு சிவப்பு நூல் வெளியே நீட்டிக்கொண்டு தொங்கியது.

வேலாத்தாளின் வலக்கை தானாக எழுந்து பாதி தூரம் போய்விட்டது. இடக்கையால் அதை வெடுக்கென்று பிடித்து மார்போடு அழுத்திக்கொண்டு, ஆடி ஆடிப் போகும் அந்த நூலுக்குப் பின்னாலேயே நடந்தாள்.