களக்காட்டார் சாப்பிட்ட இடம்

வழக்குக்காக வெளியூரிலிருந்து திருநெல்வேலிக்கு வருகிறவர்கள் வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால் ஆவுடைநாயகத்தைப் பார்ப்பார்கள். அவர் வக்கீல் குமாஸ்தா. ஆனாலும் அவரிடம் முதலில் கேட்பது, "எங்கன சாப்பிடலாம் அண்ணாச்சி?" என்பதுதான். எந்தக் கடையில் நெய் நல்ல நெய், எந்தக் காப்பி கிளப்பில் நேற்றைய குழம்பை இன்றைக்குச் சுட வைத்து ஊற்றுவான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. "இவர் கட்சிக்காரன் கேஸ்ல தோத்தாலும் ஏப்பம் விட்டுட்டுத்தாம்வே ஊருக்குப் போவான்" என்று ஆபீஸில் கேலி செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

டில்லியில் வெள்ளைக்கார ராஜாவுக்குப் பட்டாபிஷேகம் நடந்து முடிந்த அந்தப் பங்குனியில் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் கோமுவைத் தன் மகனுக்குப் பார்க்கக் களக்காட்டிலிருந்து சிவசண்முகம் பிள்ளை வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

பெண் பார்க்க வருகிறவர்கள் பேச்சு முடிவாகும் வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். ஒரு வாய் மோர்கூடக் குடிப்பதில்லை. கை நனைத்துவிட்டால் பிறகு பெண் வேண்டாம் என்று சொல்வது மரியாதையில்லை. அத்தனை தூரம் வண்டியில் வருகிறவர்களை வெளியில் எங்கேயாவது நல்ல இடத்தில் சாப்பிட வைத்துத்தான் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும்.

இதற்கு முன் இரண்டு இடம் வந்து தட்டிப்போயிற்று. முதலில் வந்தவர்களுக்கு ரசம் ஊசியிருந்தது, அடுத்து வந்தவர்களுக்குச் சோறு குழைந்திருந்தது, அந்தக் கடுப்பில்தான் வேண்டாமென்றார்கள் என்று ஆவுடைநாயகம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் வார்த்த அம்மை கோமுவின் முகம் முழுக்கத் தழும்பை விட்டுப் போயிருந்தது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

எட்டு நாளாக அவர் கடை கடையாக யோசித்தார். ரயிலடி ஓட்டலில் பிராமணர்களுக்குத் தனி இடம். மற்றவர்களைப் பின்கட்டில் உட்கார வைப்பான். சம்பந்தம் பேச வந்தவரைப் பின்கட்டிலா உட்கார வைப்பது? ரதவீதி சைவக் கடையில் பருப்பும் கறியும் நன்றாக இருக்கும், ஆனால் அடுத்த கடை உவரிக் கருவாட்டு மண்டி. காற்று திரும்பினால் களக்காட்டார் இலையை விட்டு எழுந்துவிடுவார். கடைசியில் கைலாசபுரம் பார்வதியம்மாள் வீட்டை முடிவு செய்தார். புருஷன் போனபிறகு நாலைந்து உத்தியோகஸ்தர்களுக்குச் சமைத்துப் போடுகிற சைவ வீட்டுப் பெண்பிள்ளை அவள். சமையலில் குறை சொல்ல ஒன்றுமில்லை, தயிரைத் தவிர. பங்குனி வெயிலில் அவள் வீட்டுத் தயிர் பத்து மணிக்கே புளித்துவிடும்.

"நம்ம வீட்டுத் தயிரைக் கொண்டு வாரேன் மதினி. இலையில அதையே ஊத்துங்க" என்றார்.

"வாரது யாரு தம்பி, பெரிய கட்சிக்காரரா?"

கண் பட்டுவிடும் என்று பயந்து, "ஆமா, ஆமா" என்று சொல்லிவைத்தார்.

சிவசண்முகம் பிள்ளை தன் மைத்துனரோடு வந்து உட்கார்ந்தார். பேச்சு குறைவான மனிதர். அவியலை இரண்டு தரம் கேட்டு வாங்கினார். ஆவுடைநாயகம் தூணோரம் நின்றபடி அவர் வாய்க்குப் போகும் ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். தயிர் வந்தது. பிள்ளை ஒரு வாய் உண்டு நிமிர்ந்தார்.

"இந்த வெயில்ல தயிரு கல்லு மாதிரி இருக்கே. யாரு வீட்டு மாடு தாயி?"

பார்வதியம்மாள் ஆவுடைநாயகத்தைக் கை காட்டினாள். "இவுக வீட்டு மாடுதான். இவுக பொண்ணு கோமு உறை குத்துனது. கைராசிக்காரப் புள்ள."

பிள்ளையின் கை இலைமேல் அப்படியே நின்றது. மைத்துனர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு பிள்ளை குனிந்து, மிச்சமிருந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்து எழுந்தார்.

கை கழுவுகிற இடத்தில் செம்போடு நின்ற ஆவுடைநாயகத்திடம், "கோர்ட்டுல வேலைன்னு சொன்னாவ. நல்லாத்தாம்வே வேலை பாத்துட்டீரு" என்றார்.

"அறியாமச் செஞ்சிட்டேன் அண்ணாச்சி. தயிரு புளிக்குமேன்னுதான். வேற ஒண்ணும் மனசுல இல்ல."

"வேண்டாம்னு சொல்லுததுக்கு எனக்கு ஒரு வழி இருந்திச்சு. அதை அடைச்சாச்சு."

"நீங்க வந்து புள்ளையப் பாருங்க. பிடிக்கலன்னா சொல்லிருங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"உம்ம வீட்டுத் தயிரைத் தின்னுட்டு உம்ம வாசல்லயே நின்னு வேண்டாம்ங்கவா? பாத்து இனி என்ன ஆகப்போவுது? வைகாசியில முகூர்த்தம் வச்சுக்கிடும்." வேட்டி முனையில் வாயைத் துடைத்துக்கொண்டார். "வெயில் தாழ ஆத்துப் படித்துறையில இருந்துட்டு ஊருக்குக் கெளம்புதோம்."

ஆவுடைநாயகம் சிந்துபூந்துறையிலிருந்த தன் வீட்டுக்கு நடந்தார். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் வழியில் பார்த்த ஒருவரிடமும் நின்று பேசாமல் போனார்.

மனைவி சொர்ணாம்பாள் விஷயத்தைக் கேட்டதும் சாமி படத்துக்கு முன் விழுந்து கும்பிட்டாள். "பாக்காமலே சரின்னுட்டாவளா? அம்மன் கண்ணைத் தொறந்துட்டா."

பட்டுப்புடவை கட்டி உள்ளே உட்கார்ந்திருந்த கோமு எழுந்து வந்தாள். "ஏன்ப்பா பாக்கல?"

அவர் நடந்ததைச் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டாள்.

"தாலி கட்டுற அன்னைக்கு என் முகத்தைப் பாப்பாவள்லா? தயிர்ல ஏமாத்துனான், முகத்துலயும் ஏமாத்திட்டான்னு சொல்ல மாட்டாவளா? அங்கன போயி இருக்கப் போறது நான்லாப்பா."

"ஏட்டி, வாயை மூடு. வந்த அதிர்ஷ்டத்தை ஏன் தள்ளுத?" என்றாள் சொர்ணாம்பாள்.

"அவுக ஆத்தங்கரையிலதான இருக்காவ. கூட்டிட்டுப் போங்கப்பா. பாத்துட்டுச் சொல்லட்டும்."

எந்த வீட்டிலும் பெண்ணை அப்படிக் கூட்டிப்போனதில்லை. வேண்டாம் என்று சொல்ல ஆவுடைநாயகம் வாயெடுத்தார். படித்துறையில் உட்கார்ந்திருக்கிற அந்த முகம் நினைவுக்கு வந்தது. வாழ்நாள் முழுக்க அந்த முகத்துக்குத்தான் இவள் சோறு போட வேண்டும். துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

படித்துறை மண்டப நிழலில் மாடுகளை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். இவர்கள் வருவதைப் பார்த்துச் சிவசண்முகம் பிள்ளை எழுந்தார். கோமு அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து முன்னே வந்து நின்றாள். தலையைக் குனியவில்லை.

"நீங்க பாக்காமப் போகக் கூடாதுன்னு வந்தோம் மாமா. தயிரு நான் உறை குத்துனதுதான். அதுக்காக நீங்க சரின்னு சொல்ல வேண்டாம்."

பிள்ளை அவளைப் பார்த்தார். வண்டியடியில் படுத்திருந்த மைத்துனரும் எழுந்து உட்கார்ந்து பார்த்தார். கீழே யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

"எங்க வீட்டுல ஒத்துக்கிட மாட்டாவ தாயி" என்றார் பிள்ளை. குரலில் கோபம் போயிருந்தது. "தப்பா நெனைக்காத."

"சரி மாமா."

ஆவுடைநாயகத்தைப் பார்த்து அவர் ஏதோ சொல்ல வந்தார். பிறகு கையை மட்டும் கூப்பினார். இவரும் கூப்பினார்.

திரும்பும்போது கோமு முன்னால் நடந்தாள். மணல் சுட்டது. தெருமுனை வந்ததும் நின்றாள்.

"அம்மாட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்லுதீங்களா?"

"நான் சொல்லுதேன்" என்றார். சொல்லிவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார்.